பின்னறைக்கு ஒரு லைன்

காலை பத்து இருபதுக்குத் தியாகு லிப்ட் பொத்தானை அழுத்தினான். விளக்கு எரியவில்லை. வாசலில் கதிரை போட்டு இருந்த காவலாளி பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"லிப்ட் எக்க வெட நே, மல்லி."

லிப்ட் வேலை செய்யாது என்றால் எப்போது சரிவரும் என்று தியாகு சிங்களத்தில் கேட்டான். காவலாளி கையை விரித்தார்.

ஆறாவது மாடி. கையில் இரண்டு பெட்டிகள், தோளில் வயர்ச் சுருள், முதுகில் லப்டொப்பும் துளை போடும் மெஷினும். நான்காவது மாடியில் நின்று மூச்சு வாங்கினான். படிக்கட்டு ஜன்னலின் கம்பிகளை உப்புக் காற்று தின்றிருந்தது. அவற்றுக்கு அப்பால் ரயில் பாதை. அதற்கு அப்பால் கடல்.

கதவைத் திறந்தவர் சிவானந்தன். எழுபதை நெருங்கியவர். வீட்டுக்குள்ளும் நீளக் காற்சட்டையும் சேர்ட்டும் போட்டிருந்தார். புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தொலைபேசியில் வேலைக்கு அழைத்தபோது முதலில் சொன்னது அதைத்தான்.

"பத்து மணி எண்டனீர்."

"லிப்ட் இல்லை, அங்கிள்."

"ஆறு மாடிக்கு அரை மணித்தியாலமே?"

"நாலாவதுல நின்டு கடல் பார்த்தேன்."

சிவானந்தன் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் சிரித்தாள்.

"அப்பா, அவரை உள்ள விடுங்கோ. குறுக்கு விசாரணை பிறகு."

மகள் ஆரணி. காதில் ஹெட்செட். ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். இன்னும் பதினெட்டு நாளில் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முன், வருகிற ஞாயிறு, வீட்டில் பலகாரச் சூடு, கல்யாணப் பலகாரம் சுடத் தொடங்கும் சடங்கு. டொரொன்டோவில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் அதை வீடியோவில் பார்க்கப்போகிறார்கள். அதற்காக நேற்றுப் புது பைபர் லைன் எடுத்திருந்தார்கள். லைனைக் கொண்டுவந்தவர்கள் பல்கனி மூலையில் ஒரு பெட்டியை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்குள் பிரித்துக் கொடுப்பது தியாகுவின் வேலை.

"அண்ணா, நான் மீட்டிங்கில இருக்கேக்க லைனை வெட்டிப் போடாதேங்கோ."

"பழசைக் கடைசியாத்தான் கழட்டுவேன்."

"அப்ப நீங்கள் என்ர கட்சி." அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

தியாகு வீட்டை நடந்து பார்த்தான். முன் மண்டபம், சமையலறை, இரண்டு அறைகள், ஒடுங்கிய நடை, நடையின் முடிவில் பின்னறை. நடுவில் இரண்டு கொங்கிறீட் சுவர்கள். மண்டபத்தில் வைக்கும் பெட்டியின் சிக்னல் பின்னறைக்குப் போகாது. அதை அவன் சுவரைத் தட்டியே அறிந்தான்.

"பின்னறைக்கு ரெண்டாவது பெட்டி வைக்கலாம், அங்கிள். இங்கயிருந்து வயர் இழுத்து."

"பின்னறைக்குத் தேவையில்லை."

"ஏன் தேவையில்லை?"

கேட்டது அவர் மனைவி அருந்ததி. கையில் மாவோடு சமையலறை வாசலில் நின்றார்.

"சாமான் கிடக்கிற அறைக்கு என்னத்துக்கு? வீண் செலவு."

"டொரொன்டோக்காரர் வந்தால் எங்க படுக்கிறது? உங்கட தலையிலையோ? உங்கட மகன் துவாரகன் வந்தால் எங்க படுக்கிறது?"

சிவானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"போடும், தம்பி," என்றார் அருந்ததி. "அது அவன்ர அறை. பழைய லைன் அங்க வராது. கக்கூசுக்குள்ள வருது, என்ர கட்டிலுக்கு வராதெண்டு ஒவ்வொரு நாளும் என்னோட சண்டை. நான்தானோ சுவர் கட்டினது?"

தியாகு பின்னறைக்குப் போனான். ஒரு கட்டில், அதன் மேல் அட்டைப் பெட்டிகள், ஒரு இரும்பு அலுமாரி. அறையில் ஒரேயொரு பிளக். அது அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு வெள்ளை வயர் செருகியிருந்தது. வயர் அலுமாரிக் கதவின் கீழ் இடுக்கால் உள்ளே போனது.

"இதைக் கழட்டலாமா, அங்கிள்?"

சிவானந்தன் பின்னாலேயே வந்திருந்தார். "அது இருக்கட்டும். நீர் எக்ஸ்டென்ஷன் போடும்."

தியாகு எக்ஸ்டென்ஷன் போட்டான். மற்றவர்கள் வீட்டு வயர்களைப் பற்றி அவன் இரண்டாம் முறை கேட்பதில்லை.

நடையின் மேற்சுவரோரமாக வயரை இழுத்தான். துளையிட்டபோது ஆரணி கதவைத் திறந்து, காதுகளைப் பொத்திக் காட்டிவிட்டு, மறுபடி சாத்தினாள். மண்டபத்தில் நிலத்தில் இருந்து வயரின் நுனியைச் சீவினான். உள்ளே எட்டுக் கம்பிகள். செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைச் சோடி. விரலால் நீவி வரிசைப்படுத்தினான். கிளிப்புக்குள் தள்ளி இறுக்கினான். சோதித்தபோது எட்டு விளக்குகளில் ஐந்தாவது எரியவில்லை. நுனியை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பத் தொடங்கினான்.

அருந்ததி பிளேன்டீயும் இரண்டு பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகை. உண்மையைச் சொல்லும்."

"நல்லா இருக்கு, ஆன்ட்டி."

"வாயில வைக்க முந்திச் சொல்லுறீர். நீர் யாழ்ப்பாணமோ?"

"இல்லை. கொட்டாஞ்சேனை. தாத்தா காலத்துல இருந்து."

"அதுதான் மரியாதையாப் பொய் சொல்லுறீர்." அவர் எதிரில் கதிரையில் உட்கார்ந்தார். "தம்பி, புதுசுக்கு என்ன பேர் வைக்கப் போறீர்?"

"நீங்க சொல்றதுதான். பாஸ்வேர்டும் புதுசா வைக்கணும்."

"பழைய பேர். பழைய பாஸ்வேர்ட்."

"புதுசுதான் பாதுகாப்பு, ஆன்ட்டி. பழசு எத்தனை பேருக்குத் தெரியுமோ."

அருந்ததி எழுந்து போய் ஒரு சிறிய காகிதத்தோடு வந்தார். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. மூலைகளில் எண்ணெய் பிடித்திருந்தது. பெயர் சொதி. பாஸ்வேர்ட் இடியப்பம், அதோடு தொண்ணூற்றாறு. இரண்டும் ஆங்கில எழுத்தில்.

"அவன் வைச்சது. லைன் சொதி மாதிரித் தண்ணியாம். தொண்ணூற்றாறு அவன் பிறந்த வருசம்." காகிதத்தை மடியில் வைத்து நீவினார். "பேர் மாறினால் அவன்ர போனுக்கு இந்த வீடு தெரியாமல் போயிடும், என்ன?"

"தானா வராது. புது பாஸ்வேர்டைக் குடுக்கணும்."

"அதுதான் வேண்டாமெண்டுறன். வாசலுக்கு வந்த உடன அவன்ர போனுக்கு லைன் வரவேணும்."

மகன் போய்ப் பதினான்கு மாதம் என்றார். ரஷ்யா வழியாகப் பிரான்சுக்கு. ஏஜென்சிக்காரன் நான்கு மாதம் என்று சொன்னான். மாசி மாதம் வரை வாரத்துக்கு ஒருமுறை கதைத்தான். பெலாருஸ் என்ற இடத்தில் நிற்பதாகவும் பனி முழங்கால் வரை என்றும் சொன்னான். பிறகு கதைக்கவில்லை.

"பிடிச்சுக் காம்பில வைச்சிருக்கினமாம். போனுகளை வாங்கிப் போட்டினமாம். இவர்தான் ஏஜென்சிக்காரனோட கதைச்சு எனக்குச் சொல்லுவார். இவர் கோட்டில சொன்னதுக்கே ஒரு நீதவானும் மறுப்புச் சொன்னதில்லை." குரலைத் தாழ்த்தினார். "ஆனால் யோசனைதான். வெளியில காட்டமாட்டார். இப்ப கொஞ்ச நாளாச் சாமியறைக்குள்ள கால் வைக்கிறேல்லை. முழங்கால் நோவாம். மீன் பொரிச்சாலும் தொடுறேல்லை. முழங்காலுக்கும் மீனுக்கும் என்ன?"

தியாகு எட்டுக் கம்பிகளையும் மறுபடி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான்.

அருந்ததி தன் போனை நீட்டினார். மகனுக்கு அனுப்பிய குரல் செய்திகள். நாளுக்கு ஒன்று. விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரேயொரு டிக்.

"ஒரு டிக் எண்டால் என்ன, தம்பி? ஆரணியைக் கேட்டால் விசராக்காதேங்கோ எண்டுறாள்."

"நீங்க அனுப்பியாச்சு. அங்க போய்ச் சேரல. அவர் போனுக்கு லைன் கிடைச்சா ரெண்டாவது டிக் விழும்."

"கேட்டால்?"

"கேட்டா நிறம் மாறும்."

"எனக்கு நிறம் வேண்டாம். ரெண்டு டிக் போதும்." அவர் எழுந்தார். "சட்டியில எண்ணெய் காயுது."

பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் புதுப் பெட்டியில் போட்டான். சோதித்தான். எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன. வாசலில் ஒரு கமராவைப் பொருத்தினான். ஆரணியிடம் கேட்டுக்கொண்டு பழைய பெட்டியைக் கழற்றினான். பின்னறைப் பெட்டிக்கு உயிர் கொடுத்தான். அதன் விளக்கு முதலில் சிவப்பாகவும் பிறகு பச்சையாகவும் எரிந்தது. அப்போது பதினொன்று ஐம்பத்திரண்டு.

கடைசி வேலை பட்டியல். வீட்டுக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லைனில் நிற்கும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் வாசித்து, அது யாருடையது என்று கேட்டு எழுதுவான். சொந்தக்காரர் இல்லாத பெயரை வெட்டிவிடுவான். பிறகு புதிதாக எதுவும் கேட்காமல் நுழைய முடியாதபடி பூட்டுவான். மூன்று வருடங்களுக்கு முன் இதே வெள்ளவத்தையில், பக்கத்து வீட்டுக்காரன் லைனைத் திருடி எதையோ பரப்பியதற்கு லைன் சொந்தக்காரரை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். லைனைப் போட்டவன் என்று தியாகுவையும் இரண்டு முறை கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து பட்டியல் முடியாமல் அவன் ஒரு வீட்டை விட்டும் இறங்கியதில்லை.

சிவானந்தன் பேனையும் காகிதமுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது போலிருந்தது. நேராக இருந்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டார்.

"டீவி."

"வீட்டினது."

"பிரின்டர்."

"மகளின்ர."

"வாசல் கமரா."

"நீர் இப்ப பூட்டினது."

"இது உங்க போன். இது ஆன்ட்டியோடது. இது ரெண்டும் ஆரணியோட போனும் லப்டொப்பும்."

"ஏழு," என்றார் சிவானந்தன். "முடிஞ்சுது."

தியாகு அடுத்த வரியைப் பார்த்தான்.

எட்டாவது வரியில் துவாரகன் என்று இருந்தது. ஒரு போன். நுழைந்த நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு. சிக்னல் முழுதாக இருந்தது. எந்தப் பெட்டி வழியாக என்பதும் பக்கத்தில் இருந்தது. பின்னறை.

சமையலறையில் எண்ணெய் சீறியது. தியாகு லப்டொப்பைச் சற்றுத் திருப்பினான். சிவானந்தன் கண்ணாடியை மூக்கில் இறக்கி வாசித்தார். பேனை எட்டு என்று எழுதிவிட்டு நின்றது.

"அங்கிள்," என்றான் தியாகு மெதுவாக, "மகன் வந்திருக்கிறாரா?"

சிவானந்தன் எழுந்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"பின்னறை வயரில ஏதோ பிழை, வந்து பாரும்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

தியாகு லப்டொப்போடு போனான். சிவானந்தன் கதவைச் சாத்தினார். சேர்ட் பையிலிருந்து திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். மேல்தட்டில் கல்யாணச் சேலைகள், கடைப் பைகளோடு. கீழே, பழைய வழக்குக் கோப்புகளுக்குப் பின்னால், ஒரு துவாய். துவாய்க்குள் ஒரு போன். கண்ணாடி மூலையில் வெடித்திருந்தது. வெள்ளை வயர் அதில் செருகியிருந்தது.

"நாங்கள் ஏழு பேர் போனனாங்கள்," என்றார் சிவானந்தன். "காட்டுக்குள்ள மூண்டாம் நாள். துவாரகன் கால் விறைக்குது எண்டான். நான் என்ர சொக்ஸைக் கழட்டிக் குடுத்தனான். விடிய எழுப்பினன். எழும்பேல்லை. அந்த நாட்டு ஆமிக்காரர் வந்துதான் மண்ணில தாட்டவை. போனை நான் எடுத்து வைச்சனான்."

தியாகு அவரைப் பார்த்தான்.

"கூட நிண்ட பொடியன் சொன்னது. திருப்பி அனுப்பிப் போட்டாங்கள். பங்குனிக் கடைசியில வந்து என்னைப் புதுக்கடையில ஒரு சாப்பாட்டுக் கடையில சந்திச்சவன். எனக்கு மட்டும்தான் தெரியும்." சாட்சி சொன்னதை 'நான்' என்றே சொல்வது அவருடைய முப்பது வருடப் பழக்கம். அடுத்ததைச் சொல்லும்போது குரல் அவருடையதாக இருந்தது. "முப்பத்தோராம் நாள் முகத்துவாரக் கடற்கரைக்குத் தனியப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்தனான். ஐயர் வேற ஆக்கள் வரேல்லையோ எண்டு கேட்டவர்."

"ஏன் சொல்லல?"

"சொன்னால் துடக்கு, செத்த வீட்டுத் தீட்டு. ஒரு வருசத்துக்கு இந்த வீட்டில நல்ல காரியம் இல்லை. மாப்பிள்ளை பகுதி ரெண்டு தரம் திகதி மாத்தினவை. மூண்டாம் தரம் மாத்தமாட்டினம், விட்டிட்டுப் போயிடுவினம். பிள்ளைக்கு முப்பத்திநாலு வயசு." துவாயை மடித்தார். மடித்ததை மறுபடி விரித்தார். "பதினெட்டு நாள், தம்பி. தாலி ஏறினால் அடுத்த நாள் நானே சொல்லுவன். அதுக்குப் பிறகு மனுசி என்னோட கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை."

"போனை ஏன் போட்டு வைச்சிருக்கீங்க?"

"காலமை அவள் குளிக்கப் போக, எடுத்துப் படங்களைப் பாப்பன். இண்டைக்குப் பாத்துக்கொண்டு இருக்க நீர் வந்திட்டீர். நிப்பாட்ட நேரம் கிடைக்கேல்லை. இந்த அறைக்கு லைன் வராது எண்டுதான் இஞ்ச வைச்சனான்."

அவர் விரல் பட்டுத் திரை விழித்தது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஒருமுறை அல்ல. நிற்காமல் அதிர்ந்தது. சிவானந்தன் அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். தியாகு வாங்கிப் பார்த்தான். திரையில் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. எல்லாம் அம்மா என்ற பெயரிலிருந்து. எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்துமூன்று.

"என்ன அது?"

"ஆன்ட்டி அனுப்பினது. வந்து சேருது."

"நீர் அதைப் பூட்டும். அந்தப் பட்டியலில இருந்து எடும். உமக்கு எவ்வளவு வேணுமெண்டாலும்—"

"பூட்டலாம், அங்கிள்." தியாகு போனை அணைத்தான். லப்டொப்பில் எட்டாவது வரியைத் தொட்டு வெட்டினான். "ஆனா சேர்ந்தது சேர்ந்ததுதான். அங்க ரெண்டு டிக் விழுந்திருக்கும்."

சிவானந்தன் முப்பது வருடம் இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்றவர். இப்போது சமையலறைப் பக்கம் காதைச் சாய்த்தார்.

சமையலறையில் எண்ணெய்ச் சத்தம் நின்றது. யாரோ அடுப்பை அணைத்திருந்தார்கள். பிறகு ஒரு கரண்டி நிலத்தில் விழுந்தது.

"ஆரணி! எடியே ஆரணி! ஓடி வா!"

நடையில் காலடிகள். சிவானந்தன் போனைக் காற்சட்டைப் பைக்குள் தள்ளினார். அலுமாரிக் கதவைச் சாத்தினார். வெள்ளை வயர் வெளியே தொங்கியது. அதைக் காலால் கட்டிலுக்கு அடியில் ஒதுக்கினார்.

கதவு திறந்தது. அருந்ததியின் கையிலும் போனிலும் மாவு. முகம் சிவந்திருந்தது. பின்னால் ஆரணி, ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கியபடி.

"ரெண்டு டிக்! எல்லாத்துக்கும்! பாருங்கோ, மேல வரைக்கும் பாருங்கோ! மாசி மாசத்தில அனுப்பினதுக்கும்!"

அவர் போனைக் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தார். சிவானந்தன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவில்லை.

"போனைத் திருப்பிக் குடுத்திட்டினம், என்ன? காம்பால விட்டிட்டினம், என்ன? நான் சொன்னனான்தானே, கலியாணத்துக்கு முதல் அவன்ர குரல் கேக்கும் எண்டு? ஏன் ஒண்டும் சொல்லாமல் நிக்கிறியள்? சந்தோசத்தில வாய் அடைச்சுப் போச்சே?"

"அம்மா, மெதுவா," என்றாள் ஆரணி. அவளும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். "எடுத்துப் பாருங்கோ. கோல் பண்ணுங்கோ."

அருந்ததி அழைத்தார். மாவு விரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி அழைத்தார். போகவில்லை. சிவானந்தனின் கை காற்சட்டைப் பையின் மேல் இருந்தது.

"நிப்பாட்டிப் போட்டான். சார்ஜ் இல்லையாக்கும். எங்கயோ வழியில நிண்டு ஒரு நிமிசம் போட்டிருக்கிறான் பிள்ளை."

அவர் சுற்றிப் பார்த்தார். புதுப் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு தியாகுவைப் பார்த்தார். தியாகு கட்டில் ஓரத்தில் நின்றான், லப்டொப் இரண்டு கைகளிலும் விரிந்தபடி. வெட்டிய வரி திரையில் இன்னும் இருந்தது, சாம்பல் நிறத்தில். பெயர், நேரம், இடம்.

அருந்ததி கிட்ட வந்து அவன் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. அவன் எங்க நிண்டு போனைப் போட்டவன் எண்டு உம்மட உந்த லப்டொப்பில பாத்துச் சொல்லுவீரே?"